உங்களைச் சொல்லவில்லை, மாப்பிள்ளை

(மடிப்பாக்கத்தில் இரண்டாம் மாடி வீடு. காலை மணி பதினொன்று. மகள் அலுவலகம் போய்விட்டாள். கணுக்காலில் மாவுக்கட்டோடு ஹால் சோபாவில் அத்தை. விடுப்பு போட்டுவிட்டுச் சமையலறையில் மாப்பிள்ளை. நடுவில் ஒரு சுவர். அத்தைக்கு அடுப்பு தெரியாது, காது மட்டும் நன்றாகக் கேட்கும். மாப்பிள்ளையை ஒரு வார்த்தை குறை சொல்லிப் பழக்கமும் இல்லை. சிக்கலே அங்கேதான்.)

மாப்பிள்ளை: அத்தை, இன்றைக்கு முழுச் சமையலும் என் பொறுப்பு. நீங்கள் காலை அசைக்காமல் இருந்தால் போதும்.

அத்தை: உங்களுக்கு எதற்கு மாப்பிள்ளை சிரமம்? பக்கத்துத் தெரு மெஸ்ஸில் சொன்னால் பையன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறான்.

மாப்பிள்ளை: மெஸ்ஸா? என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய்தான். நாம் மூன்று பேர், ஒன்றரை லிட்டர். ஒரு நாளைக்கு 50 மில்லி. டீஸ்பூன் கணக்கில் பத்து. காலையில் தோசைக்கே நாலு போய்விட்டது.

அத்தை: ஆறு மிச்சம் இருக்கிறதே. தாராளம். என்ன செய்வதாக உத்தேசம்?

மாப்பிள்ளை: செல்லில் ஒரு வீடியோ பார்த்தேன். "பதினைந்தே நிமிடத்தில் ஆரோக்கியமான கறி." தேவையான பொருள்கள் இருபத்திரண்டு.

அத்தை: அதையெல்லாம் எடுத்து வைக்கவே பதினைந்து நிமிடம் ஆகாதா?

மாப்பிள்ளை: அதில் பதினேழு நம் வீட்டில் இல்லை.

அத்தை: அப்படியென்றால் சீக்கிரம் முடிந்துவிடும். ஃபிரிட்ஜில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மாப்பிள்ளை: அரைச் சுரைக்காய். கால் கிலோ வெண்டைக்காய்.

அத்தை: சுரைக்காய்க் கூட்டு, வெண்டைக்காய்க்குப் பொடி போட்ட கறி. ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, நறுக்கிய சுரைக்காய், மஞ்சள்தூள். குக்கரில் இரண்டு விசில்.

மாப்பிள்ளை: கைப்பிடி என்றால் யார் கை?

அத்தை: சமைக்கிறவர் கை, மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: என் கை பெரியதாயிற்றே.

அத்தை: அதனால் என்ன, பசியும் அதே அளவுதானே இருக்கும்.

(குக்கர் ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு விசில். இன்னொரு விசில். அடுப்பை அணைக்கும் சத்தம்.)

அத்தை: ஏன் அணைத்துவிட்டீர்கள்?

மாப்பிள்ளை: இரண்டு ஆகிவிட்டதே.

அத்தை: முதலில் வந்தது எதிர்வீட்டு விசில். அது கீச்சுக்குரல். நம் குக்கருக்குக் கட்டைக்குரல்.

மாப்பிள்ளை: விசிலுக்குக் குரலா?

அத்தை: உங்கள் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த குக்கர். எனக்குத் தெரியாதா?

(அடுப்பு மறுபடி எரிகிறது. கட்டைக்குரலில் ஒரு விசில்.)

அத்தை: இதுதான். அது அடங்கட்டும். அதற்குள் இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல், அரை ஸ்பூன் சீரகம், அரை ஸ்பூன் மிளகு வைத்து அரைத்துவிடுங்கள்.

மாப்பிள்ளை: தேங்காயா? கொலஸ்ட்ரால் அத்தை.

அத்தை: தென்னை மரத்துக்கு ஏது கொலஸ்ட்ரால்?

மாப்பிள்ளை: அது சரிதான், செடி கொடியில் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் தேங்காயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். அளவோடு போடவேண்டும்.

அத்தை: இரண்டு ஸ்பூனை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டால் அளவு தானாக வந்துவிடும்.

மாப்பிள்ளை: மிளகு மட்டும் கட்டாயம் போடவேண்டும். மஞ்சளில் இருக்கிற குர்குமின் தனியாகப் போனால் உடம்பில் அவ்வளவாக ஏறாதாம். மிளகோடு போனால் பல மடங்கு ஏறுகிறது என்று 1998-ல் பெங்களூரில் ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கிறார்கள்.

அத்தை: அப்படியா? என் மாமியார் 1974-லேயே மிளகு போடாத கூட்டைத் தள்ளி வைத்துவிடுவார். அவரை யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

(பலகையில் நறுக்கும் சத்தம். வெகுநேரம் கழித்து நிற்கிறது. குழாய்த் தண்ணீர் விழுகிறது.)

அத்தை: மாப்பிள்ளை... அது என்ன தண்ணீர்?

மாப்பிள்ளை: வெண்டைக்காய் கழுவுகிறேன்.

அத்தை: நறுக்கிய பிறகா?

மாப்பிள்ளை: நறுக்கினால்தானே உள்ளேயும் சுத்தமாகும்?

(ஹாலில் சிறிது மௌனம்.)

அத்தை: முருகா, புத்தியைக் கொடு.

மாப்பிள்ளை: என்ன அத்தை?

அத்தை: உங்களைச் சொல்லவில்லை மாப்பிள்ளை. எனக்குத்தான் கேட்டேன், முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது கையில் எடுத்துப் பாருங்கள், நூல் நூலாக வருமே?

மாப்பிள்ளை: வருகிறது. கரண்டி, பலகை, என் செல்போன், எல்லாவற்றிலும் வருகிறது.

அத்தை: பரவாயில்லை. துணியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வையுங்கள். வாணலியில் வதக்கும்போது ஒரு ஸ்பூன் புளித்த தயிர் விட்டால் கொழகொழப்பு அடங்கும். மூடி போடக்கூடாது. உப்பு கடைசியில்தான், முதலிலேயே போட்டால் மறுபடியும் தண்ணீர் விடும். சரி, பொடி வறுக்கலாமா?

மாப்பிள்ளை: பொடி இருக்கிறதே! லண்டனிலிருந்து நண்பன் கொண்டுவந்த கறி பவுடர் டப்பா.

அத்தை: எப்போது கொண்டுவந்தார்?

மாப்பிள்ளை: எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு.

அத்தை: அதற்கப்புறம் வீட்டுக்கு இரண்டு தடவை வெள்ளையடித்துவிட்டீர்கள். திறந்து முகர்ந்து பாருங்கள்.

மாப்பிள்ளை: ...மஞ்சள் நிறம் இருக்கிறது.

அத்தை: நிறத்தை மூக்கால் பார்த்தீர்களா?

மாப்பிள்ளை: மணம் இல்லை அத்தை. ஆனால் கறி விஷயத்தில் லண்டன்காரர்களை லேசாக நினைக்காதீர்கள். 1747-லேயே ஹன்னா கிளாஸ் என்ற அம்மாள் தன் சமையல் புத்தகத்தில் இந்தியக் கறிக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார். இங்கே செல்லில் இருக்கிறது. கோழி அல்லது முயல்...

அத்தை: சிவ சிவா.

மாப்பிள்ளை: அதை விடுங்கள். மஞ்சள் கிடையாது, மிளகாய் கிடையாது. மிளகும் மல்லியும்தான். மிளகு முப்பது என்று எண்ணி எழுதியிருக்கிறார் அத்தை, முப்பது! கைப்பிடி என்று சொல்லவில்லை.

அத்தை: முப்பதா? கெட்டிக்காரி. மல்லியை வறுக்கச் சொன்னாரா?

மாப்பிள்ளை: சொன்னார். எதில் என்றுதான்... "ஷவல்" என்று போட்டிருக்கிறது. கணப்பில் கரி அள்ளுகிற இரும்பு அகப்பை என்று நினைக்கிறேன்.

அத்தை: கரி அள்ளுகிறதிலா?

மாப்பிள்ளை: சுத்தமான ஷவல் என்று எழுதியிருக்கிறார்.

அத்தை: அந்த மட்டும் சந்தோஷம். நம் வீட்டில் வாணலி இருக்கிறது. இரண்டு ஸ்பூன் மல்லி, ஒரு ஸ்பூன் கடலைப்பருப்பு, இரண்டு வற்றல் மிளகாய். மிளகு உங்கள் லண்டன் அம்மாள் சொன்னதில் பாதி. எண்ணெய் வேண்டாம், வெறும் வாணலியில் சின்னத் தீயில் வறுங்கள்.

(வறுக்கும் சத்தம். "பதினொன்று, பன்னிரண்டு" என்று மாப்பிள்ளை மிளகு எண்ணும் குரல்.)

அத்தை: இறக்குங்கள், இறக்குங்கள்! மல்லி சிவந்துவிட்டது.

மாப்பிள்ளை: அங்கே இருந்துகொண்டு எப்படித் தெரிகிறது?

அத்தை: கட்டு போட்டது காலுக்குத்தானே, மூக்குக்கு இல்லையே. வாணலியிலேயே விடாதீர்கள், அந்தச் சூட்டிலேயே கருகும். தட்டில் கொட்டி, ஆறினதும் மிக்சியில் கொரகொரப்பாக ஒரு சுற்று.

(மிக்சி ஓடி நிற்கிறது. வாணலி வைக்கும் சத்தம். உடனே டப்பா திறக்கும் சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.)

அத்தை: கடுகு போட்டாயிற்றா?

மாப்பிள்ளை: போட்டுவிட்டேன்.

அத்தை: எண்ணெய் காய்ந்ததா?

மாப்பிள்ளை: அடுப்பில்தானே இருக்கிறது, காய்ந்துவிடும்.

அத்தை: சில பேருக்குப் பொறுமையே கிடையாது.

மாப்பிள்ளை: அத்தை?

அத்தை: உங்களைச் சொல்லவில்லை மாப்பிள்ளை. கடுகைச் சொன்னேன். காய்வதற்கு முன்னால் போய் இறங்கிக்கொண்டால் அது வெடிக்காது, ஊறும்.

மாப்பிள்ளை: இரண்டு டீஸ்பூன் எண்ணெய் வாணலி முழுக்கப் பரவிவிட்டது. கடுகு முங்கவே இல்லை.

அத்தை: வாணலியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். எண்ணெய் ஓரமாகச் சேரும். கடுகை அங்கே தள்ளுங்கள்.

(பட் பட் படபட.)

மாப்பிள்ளை: வெடிக்கிறது! அத்தை, வெடிக்கிறது! கண்ணாடியில் வந்து அடிக்கிறது!

அத்தை: நல்லது. உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, வெண்டைக்காய், அந்தத் தயிர். வதங்கினதும் பொடி. கூட்டில் அரைத்ததை விட்டு ஒரு கொதி. அதற்குத் தாளிக்கத் தேங்காயெண்ணெய் ஒரு டீஸ்பூன்.

மாப்பிள்ளை: மொத்தம் மூன்று. இரவுக்கு இன்னும் மூன்று கையிருப்பு! பார்த்தீர்களா, இந்த வீட்டில் இனிமேல் எண்ணெய் என்னைத் தாண்டித்தான் போகும்.

அத்தை: ரொம்ப சந்தோஷம். ஒரு விஷயம் மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இந்த வீட்டில் எலி இருக்கிறது.

மாப்பிள்ளை: எலியா? இரண்டாவது மாடியிலா?

அத்தை: கால் வலியில் எனக்குத் தூக்கம் வருவதில்லையா, காதில் விழுகிறது. இராத்திரி பதினொன்றரை மணிக்கு அலமாரி மேல்தட்டில் மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்கிறது.

மாப்பிள்ளை: ...அப்படியா?

அத்தை: நல்ல எலிதான். தின்றுவிட்டுத் திரும்ப ரப்பர் பேண்டு போட்டு வைக்கிறது.

மாப்பிள்ளை: (தொண்டையைக் கனைத்து) இலை போடட்டுமா, தட்டு வைக்கட்டுமா அத்தை?

அத்தை: தட்டே போதும். அந்த எலிக்கும் மூன்று டீஸ்பூன் கையிருப்பில் கொஞ்சம் எழுதி வையுங்கள்.

(மாப்பிள்ளை தட்டோடு வருகிறார். சட்டையில் மஞ்சள், மூக்குக் கண்ணாடியில் ஒரு கடுகு. அத்தை பதறி எழுந்திருக்கப் பார்க்கிறார், மாவுக்கட்டு விடவில்லை. ஒரு வாய் வெண்டைக்காய், ஒரு வாய் கூட்டு.)

மாப்பிள்ளை: எப்படி இருக்கிறது?

அத்தை: வெண்டைக்காய் அருமை. நிஜமாகவே. பொடி வாசனை ஊரைக் கூட்டுகிறது.

மாப்பிள்ளை: கூட்டு?

அத்தை: ஒரு நாளைக்கு உப்பு எவ்வளவு என்று சொன்னார் டாக்டர்?

மாப்பிள்ளை: உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது அத்தை. ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குள், சுமார் ஒரு டீஸ்பூன்.

அத்தை: சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். ஒன்றுமே போடாததும் அதற்குள்தானே வரும்.

மாப்பிள்ளை: ஐயோ! கடைசியில் போடச் சொன்னீர்களே என்று கடைசிக்கு வைத்திருந்தேன்...

அத்தை: அது வெண்டைக்காய்க்கு மாப்பிள்ளை. பரவாயில்லை, ஒரு சிட்டிகை தூவிக் கலந்துகொண்டால் ஆயிற்று. நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மாப்பிள்ளை: (சாப்பிட்டபடி) நன்றாகத்தான் இருக்கிறது. கூட தொட்டுக்கொள்ள மொறுமொறுவென்று ஏதாவது இருந்தால்... அப்பளம் வேண்டாம், எண்ணெய்...

அத்தை: மேல்தட்டில் எலி ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.