அழுகிற குழந்தையைப் படம் எடுக்காதீர்கள், மிஸ்

ஜூன் மாதம் வந்தாலே என் போனுக்கு ஒரே மாதிரி வீடியோக்கள் வரத் தொடங்கிவிடும். பள்ளிக்கூட கேட்டைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, "அம்மாகிட்ட போணும்" என்று கதறுகிற குழந்தை. பின்னணியில் ஏதோ ஒரு சினிமா காமெடி வசனம். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எடுத்தது யார் என்று பார்த்தால், பல நேரம் அந்தக் குழந்தையின் மிஸ்ஸேதான்.

இந்த வருடம் வந்த ஒன்றில், குழந்தை அழுதபடியே இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்கிறது. கேமரா ஓர் அடி பின்னால் நகர்கிறது. அந்த ஓர் அடிதான் இதை எழுத வைத்தது.

நான் 11 வருடம் எல்கேஜி மிஸ்ஸாக இருந்தவள். முதல் வாரம் வகுப்பே அழும், அது பிரச்சினை இல்லை. தோளில் மாட்டிய பையைக் கழற்றாமல், சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையைத்தான் நாங்கள் கூடுதலாகக் கவனிப்போம். எங்கள் வேலையே அப்படி. யார் டிராயரை நனைத்தார்கள், யார் தலையில் பேன், யாருடைய டிபன் பாக்ஸில் மூன்று நாளாக வெறும் பிஸ்கட், எந்த வீட்டில் ராத்திரி சண்டை, எல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த வயதுக் குழந்தைக்கு மறைக்கத் தெரியாது. அதனால் அதன் மானம் எங்கள் கையில் இருக்கிறது.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் ரைம்ஸ் நேரத்தில் நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டான். நான் "அச்சச்சோ" என்று வாயைத் திறப்பதற்குள் ஆயாம்மா அவன் பக்கத்தில் போய்விட்டார். முந்தானையை அவன் முன்பக்கமாக இழுத்துவிட்டு, "வா கண்ணு, நாம போய் மிஸ்ஸுக்கு சாக்பீஸ் எடுத்துட்டு வரலாம்" என்று கூட்டிப் போனார். திரும்பி வந்தபோது அவன் வேறு டிராயரில் இருந்தான், கையில் சாக்பீஸ் டப்பா. மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சாக்பீஸ் எடுத்து வந்தான் என்பது மட்டும்தான். நனைந்த துணி கேரி பேக்கில் முடிச்சுப் போட்டு, பையின் அடியில் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. டிரெயினிங் முடித்த எனக்கு அது தோன்றவில்லை. எட்டாவது படித்த அவருக்குத் தோன்றியது.

அமெரிக்காவில் மழலைக் கல்வியாளர்களின் தேசியச் சங்கம் 1989-இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. மற்ற எல்லா விதிகளுக்கும் மேலே அதில் ஒரு விதி: குழந்தைக்குத் தீங்கு செய்யக் கூடாது. அடி மட்டுமல்ல, இழிவுபடுத்துவதும் மனதைக் காயப்படுத்துவதும் அங்கே தீங்குதான். நம் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவும் உடலை அடிப்பதோடு மனதை வதைப்பதையும் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கானது. என் பிள்ளைகளுக்கு வயது நான்கு. வீட்டில் போய், "என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்" என்று புகார் சொல்லவும் அவர்களுக்கு வார்த்தை கிடையாது.

சரி, எல்லாவற்றையும் மூடி வைப்பதுதான் நல்ல மிஸ்ஸுக்கு அடையாளமா? இல்லை. டிராயர் மாற்றும்போது ஒரு பெண் குழந்தையின் தொடையில் சூட்டுத் தழும்பு பார்த்தேன். நிர்வாகத்தில் சொன்னேன். "குடும்ப விஷயம், நமக்கெதுக்கு வம்பு" என்றார்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த இரண்டு நாளும் அவள் அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போனாள். மூன்றாம் நாள்தான் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் செய்தேன். இன்றைக்கும் அந்த இரண்டு நாளுக்கு என்னிடம் பதில் இல்லை. பாலியல் துன்புறுத்தல் என்றால் சட்டம் இன்னும் கறாராக இருக்கிறது. 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி சந்தேகம் இருந்தாலே போலீசிடம் சொல்லியாக வேண்டும், ஆதாரம் தேடுவது மிஸ்ஸின் வேலை இல்லை. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை உண்டு. இது எத்தனை பிளே ஸ்கூல் மிஸ்களுக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது? எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

குழந்தையைப் பற்றி நமக்குத் தெரிந்தது குழந்தையின் சொத்து. அதற்கு நல்லது செய்யக்கூடியவரிடம் மட்டும்தான் அது போக வேண்டும். தழும்பு 1098-க்குப் போக வேண்டும், நனைந்த டிராயர் அம்மாவிடம் போக வேண்டும். அழுகை யாருக்கும் போக வேண்டியதில்லை, தூக்கிக்கொண்டால் போதும்.

பழி முழுவதையும் மிஸ்கள் மேல் போட எனக்கு மனசில்லை. 30 குழந்தைகளுக்கு ஒரே ஆள். மதியத்துக்குள் குரூப்பில் பத்துப் படம் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ஆபீஸிலிருந்து கேள்வி வரும். பெற்றோரும் சும்மா இருப்பதில்லை, "மிஸ், இன்னைக்கு என் பையன் போட்டோவே வரலையே" என்பார்கள். அங்கன்வாடி அக்காக்கள் நிலைமை இன்னும் மோசம். 1975-இல் தொடங்கிய திட்டம், அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை குறைவான சம்பளத்தில் இத்தனை பெரிய பொறுப்பைக் கேட்கிறோம் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறேன், ஏனென்றால் அந்தக் குழந்தைக்கு அந்த நேரத்தில் வேறு ஆள் இல்லை.

அப்புறம் அந்த வீடியோ. அனுப்பிய தோழியிடம் அழிக்கச் சொன்னேன். "எல்லாரும்தான் ஷேர் பண்றாங்கக்கா, க்யூட்டா தானே இருக்கு" என்றாள். யூனிஃபார்மில் பள்ளியின் பெயரும், ஐடி கார்டில் வகுப்பும் தெரிவதைப் பெரிதாக்கிக் காட்டினேன். சற்று நேரம் பேசவில்லை, பிறகு அழித்துவிட்டாள். மறுநாள் அந்தப் பள்ளிக்கே போன் செய்தேன். எடுத்தவர் நல்ல மரியாதையாகத்தான் பேசினார், "குழந்தையோட அம்மாவே லைக் போட்டிருக்காங்க மேடம்" என்றார். வீடியோ இன்னும் அங்கேதான் இருக்கிறது. திங்கட்கிழமை நேரில் போகிறேன்.