சும்மா இருந்து சம்பளம் வாங்கினோமாம்

"கொரோனா காலத்தில் இரண்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்து சம்பளம் வாங்கின பழக்கம் உங்களை விட்டு இன்னும் போகவில்லை." இன்று கூட்டத்தில், அறுபது ஆசிரியர்களுக்கு முன்னால் ஓர் அதிகாரி சொன்ன வார்த்தை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இரவு பதினொரு மணியாகியும் அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

சும்மாவா? 2021 ஜூன், இலங்கையில் கொரோனாவுக்காகப் பயணக் கட்டுப்பாடு இருந்த நேரம். எங்களுடையது தேயிலைத் தோட்டப் பாடசாலை. ஒரே ஒரு வியாழக்கிழமையைச் சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்கு மேலிடத்திலிருந்து செய்தி வந்தது. அந்த வாரம் நிகழ்நிலையில் நடத்திய பாடங்கள், பங்குபற்றிய பிள்ளைகள், சதவீதம், ஒவ்வொரு பாடத்துக்கும் ஸ்க்ரீன்ஷாட், எல்லாம் மாலை நான்கு மணிக்குள் வேண்டும். என் தரம் 7 வகுப்பில் 34 பிள்ளைகள். வட்ஸ்அப் குழுவில் 11 பேர். அந்த 11 போனில் ஆறு, அப்பாவோடு விடியவே தேயிலை மலைக்கு வேலைக்குப் போய்விடும். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்ப மாலை ஐந்தாகும். தோட்டத் தொழிலாளிக்கு 1000 ரூபாய் நாட்சம்பளமே அந்த வருஷம்தான் வந்தது, அதில் டேட்டாவுக்கு எங்கே போவது? மீதி 23 பேருக்கும் நான் கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதி, பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) அக்காவிடம் கொடுத்துவிடுவேன். கொழுந்து எடுக்கிற அம்மாக்கள் வாங்கிப் போவார்கள். விரல் வீங்கிப்போகும். அந்த 23 பேரைப் போட படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை!

வீட்டில் செய்தி வருமளவுக்குத்தான் கவரேஜ், படம் அனுப்ப முடியாது. மேல்மலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு கோடு வரும். அன்று நல்ல மழை. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, காலில் அட்டை ஏற ஏற நின்றேன். 3.10க்கு அனுப்பத் தொடங்கியது 3.50க்குத்தான் போனது. சரி, முடிந்தது என்று இறங்கினேன். 4.05க்குப் பதில்: "படம் தெளிவில்லை. மீண்டும் அனுப்பவும்." மறுபடி ஏறினேன். 5.30க்கு அடுத்த பதில்: "இது பழைய படிவம். புதிய எக்செல் படிவத்தில் தரவும்."

என்னிடம் கணினி இல்லை. போனில் விரலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஏழு மணிக்கு ஒரு பையனின் குரல் செய்தி வந்தது. "மிஸ், அப்பா இப்பதான் போன் தந்தாரு. பின்னக் கணக்கு விளங்கல மிஸ்." அவனுக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. எக்செல்லை முடித்து இன்னொரு தடவை மலை ஏறி அனுப்ப ஒன்பது மணியாகிவிட்டது. போனிலும் டேட்டா தீர்ந்துவிட்டது. என் வேலை அந்தப் பையன். அவனை விட்டுவிட்டுக் கட்டம் நிரப்ப வைத்தார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வேலை கூடியதால் எங்கள் மனம் உடையவில்லை. நாங்கள் வேலை செய்கிறோம் என்பதை யாரும் நம்பாததால் உடைந்தது.

1997இலிருந்து இழுபட்ட ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி, 2021 ஜூலை 12இல் நிகழ்நிலைக் கற்பித்தலை நிறுத்தினோம். 24 வருஷம் பொறுத்தவர்களைப் பார்த்து, பிள்ளைகளைப் பணயம் வைக்கிறோம் என்றார்கள். எங்கள் தோட்டப் பாடசாலைகளில் ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில் மாதம் 10,000 ரூபாய்க் கொடுப்பனவோடு வருஷக்கணக்காக நின்றவர்கள் இருக்கிறார்கள். முழு ஆசிரியரின் வேலையைத்தான் செய்தார்கள். அப்போது பணயம் வைத்தது யார்?

பாடசாலை திறந்தபோது 34 பேரில் நாலு பேர் வரவில்லை. அந்தப் பையன் வந்தான். பின்னக் கணக்கு அப்போதும் விளங்கவில்லை. இடைவேளையில் உட்கார வைத்து மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தேன். அதை எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.

இன்று கூட்டம் முடிந்ததும் அறிக்கைக்குப் போட வேண்டுமென்று எங்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். "எல்லாரும் கொஞ்சம் சிரிங்க" என்றார் அதே அதிகாரி. நான் சிரிக்கவில்லை.

அதற்குள் 5.10 பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் மழையில் நின்றேன், கூரையே இல்லாத தரிப்பிடம்.