வில்லியம் ஜேம்ஸின் அப்பப்பா

உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் காலத்தில் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்ல வில்லியம் ஜேம்ஸைக் கூப்பிடுபவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஓவியம் படித்தார், விட்டார். இரசாயனம் படித்தார், விட்டார். மருத்துவம் முடித்தும் வைத்தியம் பார்க்கவில்லை. கடைசியில் அமெரிக்க உளவியலின் தந்தை! கேட்க நல்லாத்தான் இருக்கு. காசு கட்டினது யார்?

அப்பப்பா. அவர் பெயரும் வில்லியம் ஜேம்ஸ்தான். (அப்பா ஹென்றி, நாவலாசிரியரான தம்பியும் ஹென்றி. பிறந்த ஆண்டைப் பார்த்தால் குழம்பாது: அப்பா 1811, தம்பி 1843.) அயர்லாந்தின் கவன் பகுதியிலிருந்து இளவயதில் கப்பலேறி, அமெரிக்காவின் அல்பனி நகரில் வியாபாரம், காணி, உப்பு என்று பெருக்கி, 1832இல் கண்மூடும்போது சுமார் 30 இலட்சம் டொலர் சொத்து.

மகன் ஹென்றியின் போக்கு கிழவருக்குப் பிடிக்கவில்லை. 13 வயதில் தீயில் கருகி ஒரு காலை இழந்த பிள்ளை. வளர்ந்தபின் குடி, கடன், தகப்பனின் சமயத்தோடு மல்லுக்கட்டு. உயிலில் அவருக்கு ஒரு சிறு ஆண்டுத்தொகைதான். வாரிசுகள் வழக்குப் போட்டு உயிலை உடைத்தார்கள். கிடைத்த பங்கில் ஆண்டுக்குச் சுமார் 10,000 டொலர் வருமானம். ஹென்றி அதன்பிறகு சம்பளத்துக்கு வேலை பார்க்கத் தேவையே வரவில்லை.

1842இல் நியூயோர்க்கில் பிறந்த வில்லியம் வளர்ந்தது இந்தக் காசில். ஜெனீவா, லண்டன், பாரிஸ், ஜெர்மனியின் பொன் நகரம்... அப்பாவுக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் திருப்தி இல்லை, ஆகவே ஒன்றிலும் நிலைக்கவில்லை. தேறியது பிரெஞ்சும் ஜெர்மனும். ஜெர்மானிய ஆய்வுகூட உளவியலை மூலத்திலேயே படிக்க அவருக்குக் கைகொடுத்தது அதுதான்.

1860 ஓவியம், 1861 ஹார்வர்டில் இரசாயனம், 1864 மருத்துவம். 1865இல் இயற்கை ஆய்வாளர் அகாசிஸோடு பிரேசில், அங்கே அம்மை. 1867இல் முதுகுவலியோடும் மனச்சோர்வோடும் ஜெர்மனி. 1869 பட்டம். உடற்றொழிலியல் படிப்பிக்கும் முதல் உத்தியோகம் 1873இல், 31 வயதில். சம்பளம் 600 டொலர்!

அதே காசு அந்த வீட்டிலேயே எல்லாரையும் தூக்கிவிடவில்லை. தங்கை ஆலிஸ் பெண், ஆகவே ஹார்வர்ட் இல்லை. தம்பி வில்கி 1863இல் உள்நாட்டுப் போரில் படுகாயப்பட்டு, பிறகு புளோரிடாவில் தோட்டம் போட்டுத் தோற்றார். 1882இல் அப்பா இறந்தபோது உயிலில் வில்கிக்குப் பங்கில்லை, முன்பே கொடுத்தாச்சாம். தகப்பனின் உயிலால் அடிபட்ட மனிசன் செய்த வேலை இது. நாவலாசிரியர் ஹென்றிதான் பங்கைச் சமப்படுத்தினார். எங்கள் தத்துவஞானி வில்லியம் அதற்கும் முதலில் முரண்டு பிடித்தார்.

பாடம் மாறாதே என்று நான் சொல்ல வரவில்லை. உயர்தரம் மூன்று தரம் எழுதலாம். மூன்றாந்தரத்துக்கு ரியூசன் காசும் பஸ் காசும் மூதூரிலோ குச்சவெளியிலோ எத்தனை வீட்டில் இருக்கு? இனி இந்தக் கதையைச் சொல்பவர்கள் முதலில் அல்பனிச் சொத்தைச் சொல்லுங்கோ, அடுத்தது வழக்கை. ஓவியம் அதற்குப் பிறகு வரட்டும்.