கிளாஸ்கோ கலைப்பள்ளியை அப்படியே திரும்பக் கட்டட்டும்

ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ கலைப்பள்ளியின் மெக்கின்டாஷ் கட்டடம் 2014-இலும் 2018-இலும் இரண்டு முறை தீப்பிடித்தது. அதை இருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்பது என் கட்சி. "எரிந்தது எரிந்ததுதான், இனிமேல் கட்டினால் அது வெறும் நகல்" என்று சொல்பவர்கள் அந்தக் கட்டடத்தை அலங்காரப் பொருளாகப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷுக்கு அதை வடிவமைத்தபோது முப்பது வயதுகூட இல்லை. பணம் போதாததால் ஒரு பாதி 1899-இல் முடிந்தது, மறுபாதி 1909-இல்தான் முடிந்தது. வடக்கு முகப்பு முழுக்கப் பிரம்மாண்டமான ஜன்னல்கள். படம் வரைகிறவருக்கு வெயில் நேராக விழக்கூடாது, நிழல் நகர்ந்துகொண்டே இருக்கக்கூடாது. நாள் முழுக்கச் சீரான வெளிச்சம் வேண்டும். அங்கே அதைத் தருவது வடக்கு வானம்தான். அந்த ஜன்னல்களுக்கு வெளியே வளைந்து நிற்கும் இரும்புத் தாங்கிகளைப் புகைப்படத்தில் பார்த்தால் பூவேலை என்றே தோன்றும். ஆனால் கண்ணாடி துடைக்கிறவர் பலகை போட்டு நிற்பதற்கும் அவைதான். எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். வேலை செய்கிறவரின் கால் வைக்கும் இடத்தைக்கூட அழகாக யோசித்திருக்கிறார்!

மேற்குப் பக்கத்து நூலகம், கருமையான மரத்தூண்களும் உயர்ந்த ஜன்னல்களுமாக இருந்தது. 2014-இல் அது போய்விட்டது. அடித்தளத்தில் ஒரு மாணவர் படைப்புக்குப் பயன்படுத்திய நுரையின் வாயு, சூடான புரொஜெக்டரில் பட்டுப் பற்றிக்கொண்டது. சூடான காற்றை மேல்மாடிகளுக்குக் கொண்டுபோக மெக்கின்டாஷ் காலத்தில் வைத்த குழாய்வழிகளே தீயையும் மேலே கொண்டுபோயின. தீயை அணைக்கும் தண்ணீர்த்தூவல் அமைப்பு அப்போது பொருத்தப்பட்டுக்கொண்டிருந்தது, இயங்கவில்லை. சீரமைத்து முடிக்கும் தறுவாயில் 2018 ஜூனில் இன்னும் பெரிய தீ. அதன் காரணத்தைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

சரி, நகல் என்ற வாதத்துக்கு வருவோம். வரைபடங்கள் இருக்கின்றன, அளவுகள் இருக்கின்றன, முதல் தீக்குப் பிறகு நூலகத்தை மீட்கச் செய்த ஆய்வும் இருக்கிறது. அந்த வெளிச்சத்தையும் அறைகளின் உயரத்தையும் மீண்டும் கொடுக்க முடியும் என்றால், பழைய மரம் இல்லை என்பதற்காக ஏன் விட்டுவிட வேண்டும்? பள்ளியும் 2021-இல் இதே முடிவைத்தான் அறிவித்தது. ஆனால் கட்டடம் இன்னும் எழவில்லை.

அருங்காட்சியகமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். மாணவர்கள் அதே வடக்கு வெளிச்சத்தில் வரையட்டும். அப்புறம், நூலகத்துக்கு ஒரு மரத்தூண் நிறுத்துவதற்கு முன்னால் தண்ணீர்த்தூவல் அமைப்பை இயங்க வையுங்கள்.