கடன் வாங்க உதவுவது, வீடு வாங்க உதவுவது ஆகாது

முதல் வீடு வாங்க அரசாங்கம் தரும் சலுகைகளை அடுக்கி, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நாலு நாளாக இருந்தேன். நேற்று என் சித்தி மகனே அதைக் குடும்பக் குழுவில் போட்டு, கீழே என் பெயரையும் சேர்த்துவிட்டான். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அரசாங்கம் இவ்வளவு செய்தும் இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறவன் சோம்பேறி" என்று அதில் பேசும் தம்பி சிரித்துக்கொண்டே சொல்கிறார், பின்னால் விற்பனைக்கான மாதிரி வீடு, வெள்ளை சோபா. நான் பதினொரு வருடமாகக் கோலாலம்பூர் கெப்போங்கில் வாடகை வீட்டில் இருக்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். என் கணவர் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கிரேப் வாடகைக் கார் ஓட்டுகிறார். எங்களைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சரி, அந்தத் தம்பி அடுக்கிய சலுகைகளைப் பார்ப்போம். சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கும் 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை கடன் கிடைக்க அரசாங்கம் உத்தரவாதம் கொடுக்கிறது. உண்மைதான். 2024 பட்ஜெட்டில் அந்த உத்தரவாதத்துக்கு 10 பில்லியன் வெள்ளி என்று அறிவித்தார்கள். ஆனால் உத்தரவாதம் யாருக்கு? பேங்குக்கு. தவணை கட்ட முடியாமல் போனால் நஷ்டப்படாமல் இருப்பது பேங்க். வீட்டு விலையில் ஒரு காசு குறையவில்லை, வட்டி குறையவில்லை, கடன் என் தலையில்தான் இருக்கிறது. கடன் வாங்க உதவுவது வேறு, வீடு வாங்க உதவுவது வேறு. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன வருடம் நாங்களும் போனோம். ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு சேல்ஸ் கேலரி, பெயர் வேண்டாம். 420,000 வெள்ளி வீடு, முழுக் கடனும் கிடைக்கும் என்றார்கள். என் மகள் அந்தச் சின்ன அறையின் சுவரில் கை வைத்து, இங்கே என் மேசை என்றாள். பேங்க் அதிகாரி ஒரு ஏ4 தாளை எடுத்துப் பேனாவால் மாதத் தவணை 1,990 என்று எழுதி வட்டம் போட்டார். 33 வருடம். எனக்கு இப்போது 37 வயது, கட்டி முடிக்கும்போது 70. தாளின் ஓரத்தில் சின்னதாக 280 என்று எழுதினார், அது மாதப் பராமரிப்புக் கட்டணம், மெயின்டனன்ஸ். நான் கால்குலேட்டரை எடுத்து 1,990-ஐ 396 மாதத்தால் பெருக்கினேன், 788,040 வந்தது. அதிகாரி ஒன்றும் பேசவில்லை. என் கணவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது இன்னும் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது.

எங்கள் இருவர் வருமானமும் சேர்ந்தால் நல்ல மாதத்தில் 7,000. மழை மாதத்தில், கார் பழுதான மாதத்தில் 5,500. இதில் தவணையும் மெயின்டனன்ஸும் சேர்த்து 2,270-ஐ எடுத்து வைத்தால் என்ன மிஞ்சும் என்று குடும்பம் நடத்துகிற எல்லாருக்கும் தெரியும். அதோடு அது இன்னும் கட்டாத வீடு. சாவி கையில் வர 36 மாதம் வரை ஆகலாம். அதுவரை கட்டுமானம் ஏற ஏற வட்டியும் கட்டணும், இப்போதுள்ள வீட்டுக்கு வாடகையும் கட்டணும். வீடியோவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் வரிச் சலுகை. 2025 தொடங்கி 2027 முடிவதற்குள் முதல் வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டால், வீட்டுக் கடன் வட்டிக்கு மூன்று வருடம் வரி விலக்கு உண்டு. 5 லட்சம் வரையுள்ள வீட்டுக்கு வருடம் 7,000, அதற்கு மேல் 7.5 லட்சம் வரையுள்ள வீட்டுக்கு 5,000. 7,000 என்றதும் ஏதோ 7,000 வெள்ளியைக் கையில் கொடுப்பது மாதிரி பேசுகிறார்கள். அது வரி போடும் வருமானத்தில் கழிக்கிற தொகை. என் சம்பளம் 4,000. எனக்கு வருடத்துக்கு 200 வெள்ளிகூட மிச்சமாகாது. மாதம் 12,000 வாங்குகிறவர் 25 விழுக்காடு வரிப் படியில் இருப்பார், அதே வீட்டை அவர் வாங்கினால் 1,750 மிச்சம். இல்லாதவனுக்கு இருநூறு, இருப்பவனுக்கு ஆயிரத்து எழுநூற்றைம்பது. இதற்குப் பெயர் ஏழைக்கு உதவியா?

இது இன்று ஆரம்பித்ததும் இல்லை. வீடு கட்டும்வரை டெவலப்பரே வட்டி கட்டும் திட்டம் ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? அந்த வட்டியை விலையில் ஏற்றிவிடுகிறார்கள், ஊக வணிகம் பெருகுகிறது என்று 2014 பட்ஜெட்டில் அரசாங்கமே அதைத் தடை செய்தது. கடன் சுலபமானால் விலை ஏறும் என்பது அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் வீடுடைமை இயக்கம் என்ற 2019 அரசாங்கத் திட்டத்தில் 3 லட்சம் முதல் 2.5 மில்லியன் வரையுள்ள வீடுகளுக்கு முத்திரை வரிச் சலுகை கொடுத்தார்கள். 2020 ஜூனில், 6 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டை மூன்றாவது வீடாக வாங்குகிறவருக்கு வீட்டு மதிப்பில் 70 விழுக்காடு வரைதான் கடன் என்று இருந்த வரம்பைக்கூடத் தளர்த்தினார்கள். மூன்றாவது வீடு! எனக்கு முதல் வீடே இல்லை.

"உத்தரவாதம் இல்லாவிட்டால் லாரி ஓட்டுநருக்கும் பசார் வியாபாரிக்கும் யார் கடன் கொடுப்பார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் கணவரின் நண்பர் ஒருவர் இப்படித்தான் சுங்கை பூலோ பக்கம் வீடு வாங்கினார், பால் காய்ச்சியதற்கு நாங்களும் போயிருந்தோம், சந்தோஷம்தான். ஆனால் அவர் வாங்கியது 240,000 வெள்ளி வீடு. அந்த விலையில் வீடு இருந்ததால்தான் அந்த உத்தரவாதம் அவருக்கு உதவியது.

"டீ குடிப்பதைக் குறை" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

"கோலாலம்பூரை விட்டுத் தள்ளிப் போ, செமினியில் வாங்கு, ரவாங்கில் வாங்கு" என்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். என் அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், செந்தூலில். என் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளி இங்கே. கணவருக்குச் சவாரி கிடைப்பது நகரத்துக்குள். தள்ளிப் போனால் தவணையில் மிஞ்சுவது பெட்ரோலிலும் டோலிலும் போய்விடும், அம்மாவை யார் கூட்டிக்கொண்டு போவார்? இதையெல்லாம் யோசிக்காமலா நாங்கள் இருக்கிறோம்?

நான் பிறந்தது செந்தூலில். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர், ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டில்தான் வளர்ந்தோம். அப்பாவுக்கு மாதம் 600 வெள்ளி சம்பளம் இருந்தபோது 25,000 வெள்ளிக்கு ஒரு மலிவுவிலை ஃபிளாட் வாங்கினார், ஓய்வு பெற்றதும் அதில்தான் குடியேறினோம். அன்று மலிவுவிலை வீட்டுக்கு அரசாங்கம் வைத்த உச்ச விலை அதுதான், அதற்கு மேல் விற்க முடியாது. மூன்றரை வருடச் சம்பளத்துக்குள் ஒரு வீடு. வீட்டு விலை ஒரு குடும்பத்தின் மூன்று வருட வருமானத்துக்குள் இருக்கணும் என்று அரசாங்க முதலீட்டு நிறுவனமான கஸானாவின் ஆய்வுக் கழகமே 2015-இல் எழுதியது. அப்பா எந்த ஆய்வும் படிக்கவில்லை, உத்தரவாதம் கேட்கவில்லை, வரி விலக்கும் கேட்கவில்லை. விலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, வாங்கினார், கட்டி முடித்தார். நான் அப்பாவைவிட அதிகம் படித்தவள், நானும் வேலைக்குப் போகிறேன், கணவரும் போகிறார். எங்களால் முடியவில்லை. இதில் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது?

அந்த ரயில்வே பட்டறை பேராக்கிலுள்ள பத்து காஜா ஊருக்குப் போய்விட்டது. அதைச் சுற்றி இன்று உயர உயரமான கொண்டோ அடுக்குமாடிகள். அம்மாவைச் சிகிச்சைக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கமாகத்தான் போவோம். ஒருநாள் அம்மா கார் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே, உங்கப்பா பஞ்ச் கார்டு அடித்த இடம் அந்தத் தண்ணித்தொட்டி பக்கம்தானே என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

5 லட்சம் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கும் அரசாங்கத்தால் 2 லட்சத்துக்கு வீடு கட்டி, மூன்று அறையாக, ரயில் நிலையம் பக்கத்தில் கொடுக்க முடியாதா? கூட்டரசுப் பிரதேசத்தில் நிலம் இல்லையா? கொண்டோவுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

இதை அந்தத் தம்பியின் வீடியோவுக்குக் கீழேதான் முதலில் மரியாதையாக எழுதினேன், "தம்பி, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்" என்று. பத்து நிமிடத்தில் நீக்கிவிட்டார். சித்தி மகனே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அந்த ஏ4 தாளைப் படம் எடுத்துக் கீழே கமெண்டில் போடுகிறேன், பார்த்துக்கொள்.