வண்டி மோதினால் விபத்துதானா?

நேற்று நம் ஊர்க் குழுவில் வண்டி ஏற்றிக் கொன்றதாக ஆயுள் தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்திருக்கும் செய்தியைப் பகிர்ந்து, "வண்டி மோதியதற்கெல்லாம் ஆயுள் தண்டனையா?" என்று கேட்டிருந்த அண்ணனுக்கும், அதற்கு விருப்பம் இட்ட அத்தனை பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். வழக்கு எதுவென்று உங்களுக்குத் தெரியும்; உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நிலுவையில் இருப்பதால் பெயர்களுக்குள் நான் போகவில்லை. ஆனால் வண்டி மோதியது என்பதாலேயே ஒரு சாவு விபத்தாகிவிடாது.

அஜாக்கிரதையாக ஓட்டி உயிரைப் பறித்தால் பழைய தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவு, அதிகபட்சம் 2 ஆண்டு. கொல்லும் எண்ணத்தோடு ஏற்றினால் 302, ஆயுளோ தூக்கோ. எண்ணத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால்தான் முன்விரோதம் இருந்ததா, வண்டி தன் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் ஏன் போனது, பிரேக் சரியாக இருந்ததாக மோட்டார் வாகன ஆய்வாளர் எழுதியிருந்தும் அது ஏன் மிதிக்கப்படவில்லை என்றெல்லாம் நீதிமன்றம் துருவிக் கேட்கிறது. 2006இல் மும்பை கார்ட்டர் சாலை நடைபாதையில் உறங்கிய 7 தொழிலாளர்கள் கார் ஏறி இறந்தார்கள். கொல்லும் எண்ணம் அங்கே இல்லை. ஆனாலும் உயிர் போகும் என்று தெரிந்தே ஓட்டியதாகக் கொண்டு, கொலை அளவுக்கு வராத உயிர்ப்பறிப்புக்கான 304 இரண்டாம் பகுதியின்படி விதித்த தண்டனையை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வண்டிதானே என்று அங்கே யாரும் விட்டுவிடவில்லை.

2009 ஆனி மாதம், தேவிபட்டினத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் என் சித்தப்பாவை ஒரு வேன் அடித்தது. மீன்பெட்டி உடைந்து சூடை மீன்கள் சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தன. காவலர்கள் வந்து சேர்வதற்குள் கச்சான் காற்று மணலை வாரி டயர் தடத்தை மூடிவிட்டது. முந்தைய நாள் ஏலத்தில் அந்த வேன்காரருக்கும் அவருக்கும் தகராறு நடந்ததைச் சொன்னோம், எழுதிக்கொள்ளவில்லை. 304-அ என்று பதிவாகி, அபராதத்தோடு முடிந்தது. அது கொலை என்று இன்றும் நான் சொல்லவில்லை. அப்படி ஒரு கேள்வியே எழவில்லை என்பதுதான் எங்கள் வீட்டில் ஆறாமல் கிடக்கிறது.

மேல்முறையீடு அந்த வழக்கில் தண்டனை பெற்றவரின் உரிமை என்பீர்கள். உரிமைதான், சந்தேகம் இருந்தால் அதன் பலனும் அவருக்கே போகட்டும். பிரேக் தடம் இல்லாததே குற்றத்தைக் காட்டிவிடாது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் உள்ள வண்டிகள் பெரிதாகத் தடம் விடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "செத்தவர் திரும்பி வரவா போகிறார்?" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதை இரவு முழுவதும் என்னால் கடக்க முடியவில்லை. வரமாட்டார். அதற்காக, அவர் எப்படிப் போனார் என்று கேட்கும் வாயையும் மூடச் சொல்கிறீர்களா? அந்த வழக்கில் இறந்தவரின் மகள் இந்தக் குழுவில் இருக்கிறாள், நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறாள்.

சித்தப்பாவின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் "சாலை விபத்தில்" என்று அச்சடித்து வந்திருந்தது. அதைப் பார்த்த சித்தி ஒரு வார்த்தையும் பேசாமல் வெள்ளைத்தாளைக் கீற்றுகளாகக் கிழித்துக் கொடுத்தார். அந்த வரியின் மேல் ஒட்டி மறைத்த பிறகுதான் பேருந்து நிறுத்தத்துக்குக் கொண்டுபோனோம். அண்ணே, அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள்.