டேப்பு பச்சை காட்டினால் பசி இல்லையா?

குமரி மாவட்டத்து மலைக்குப் படகு ஏறிப் போனவர்கள் போட்டு, மூன்று நாளாக எல்லோரும் பகிர்கிற அந்தப் படத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சட்டை போடாத ஒரு பிள்ளை, கையில் வண்ண டேப்பு, பக்கத்தில் சத்துப் பவுடர் டப்பாவோடு சிரிக்கிற அண்ணன்மார். படத்தோடு விட்டிருந்தால் நானும் ஒரு லைக் போட்டுவிட்டுப் போயிருப்பேன். கீழே எழுதியதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அளந்த பிள்ளைகளுக்கு டேப்பு பெரும்பாலும் பச்சைதானாம். மலைப் பிள்ளைகளுக்குப் பசி இல்லையாம், தாய்மாருக்கு விழிப்புணர்வுதான் இல்லையாம்.

படம் போட்ட அண்ணன்மாரே, அந்த டேப்பு எதற்கு என்று உங்களுக்கு யாராவது சொல்லித் தந்தார்களா? ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளையின் புஜத்தைச் சுற்றி அளப்பது அது. 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேலே பச்சை. வற்றி மெலிந்து, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டிய பிள்ளையைக் கண்டுபிடிக்க நல்ல கருவிதான். ஆனால் வருஷக்கணக்காக அரைவயிற்றோடு வளர்ந்த பிள்ளை வற்றியிருக்க வேண்டும் என்று இல்லை. வளராமல் நின்றிருக்கும். நாலு வயதுப் பிள்ளை இரண்டரை வயது மாதிரி, கை கால் எல்லாம் அளவாக, பார்க்க அழகாகவே இருக்கும். டேப்பு பச்சை காட்டும். வயதையும் உயரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். (உயரம் அளக்கும் பலகை உங்கள் எந்தப் படத்திலும் இல்லை. பெரிதாக்கித் தேடினேன்.) 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழே நாலில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை.

சரி, கருவியை விடுங்கள். கேட்டீர்களா? அந்த வீட்டு அம்மா ரப்பர் பால்வெட்டுக்கு எத்தனை மணிக்கு இறங்குகிறாள், திரும்பும்வரை பிள்ளைக்கு யார் ஊட்டுவது என்று கேட்டீர்களா? ரப்பர் இலை உதிர்கிற மாசங்களிலும் ஆனி மழையிலும் வெட்டு நிற்கும்போது அடுப்பில் என்ன இருக்கும்? குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிள்ளைக்கு மாசத்தில் எத்தனை நாள் வயிற்றுப்போக்கு? பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் ரேஷன் அரிசிக்கே படகில் வர வேண்டும். எதையும் கேட்காமல் என்ன தேவை என்று முடிவு செய்துவிட்டீர்கள். டப்பா!

கேட்பதும் லேசு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கல்லூரி முடித்த வருஷம் ஒரு சர்வே வேலைக்குப் போனேன். நேற்று காலை முதல் ராத்திரி வரை பிள்ளை என்ன சாப்பிட்டது என்று ஒரு கேள்வி. தோட்டத்து வீட்டில் ஒரு அக்கா சோறு, முட்டை, மீன்கறி என்று மளமளவென்று சொன்னார். டிக் போட்டேன். கிளம்பும்போது அவருடைய மாமியார் ஒரு தட்டில் அவித்த மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளிதான்) மிளகு அரைத்ததும் கொண்டுவந்து வைத்தார். "நேத்தும் இதுதான் மக்ளே. அவளுக்கு வெக்கம். எழுதாண்டாம்." எழுதவில்லை. என் படிவத்தில் அந்தப் பிள்ளை இன்றைக்கும் முட்டை தின்றுகொண்டிருக்கிறது.

கிழங்கைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா காலத்திலிருந்து பஞ்சத்தில் நம்மைக் காப்பாற்றியது அதுதான். கூட சாளை மீன்கறி இருந்தால் அது சாப்பாடு. இல்லாவிட்டால் வயிறு நிறையும், அவ்வளவுதான். புரதம் பெயருக்குத்தான் இருக்கும்.

இனி வரப்போகிற கமெண்டுகள் எனக்குத் தெரியும். 'மலைக்காரர்கள் பரம்பரையாகவே குள்ளம்.' 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளுக்கு இந்தியா, கானா, நார்வே, ஓமன் என்று ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்தார்கள். நல்ல சாப்பாடும் பராமரிப்பும் கிடைத்த பிள்ளைகள் ஐந்து வயது வரை எங்கேயும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். பரம்பரையை வேறு எங்காவது கொண்டுபோய் வையுங்கள். 'அங்கன்வாடி இருக்கிறதே.' இருக்கிறது. டீச்சர் கையில் மாசாமாசம் எடை எழுதிய பதிவும் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தீர்களா? 'எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நம்ம குமரி.' ஆமாம், ரொம்ப சந்தோஷம், படித்தவர்கள் செய்த வேலைதான் அந்தப் படம். 'நீ என்ன கிழித்தாய்?' ஒன்றும் இல்லை. அவர்களாவது படகு ஏறிப் போனார்கள், நான் போகவில்லை. அது உறுத்தத்தான் செய்கிறது. அதற்காக, போனவர்கள் என்ன சொன்னாலும் கைதட்ட வேண்டுமா?

விழிப்புணர்வு இல்லாத தாய்மார். என் அம்மா இருபத்திரண்டு வருஷம் பால் வெட்டினவர். நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார். ஏழு வயதில் தம்பிக்கு நான்தான் ஊட்டினேன். ஆறிப்போன கிழங்கை அவன் துப்புவான், துப்பியது போக மிச்சத்தை நான் தின்பேன். அம்மாவுக்குப் பிள்ளைக்கு முட்டை நல்லது என்று தெரியாமலா இருந்தது? தினமும் பேப்பர் படிக்கிறவர். தம்பி இன்றைக்கும் என் தோளுக்குத்தான் வருவான். கல்யாணப் போட்டோவில் அவனை முன்வரிசையில் நிற்க வைத்து எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

நேற்று ராத்திரி அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "பிள்ளைக்க அம்மைய காணலியே. எத்தன மணிக்கு எடுத்தது?"

பதிவில் காலை ஒன்பது என்று போட்டிருந்தது. சொன்னேன்.

"அப்பம் அவ பாலெடுத்துக்கிட்டு நிப்பா" என்று போனைத் திருப்பித் தந்தார்.